எதிர்வரிசையில் கூடலூர்

நேயர்களுக்கு வணக்கம்.

நீலகிரி மாவட்டத்துக் கூடலூர் தொகுதியைப் பற்றிப் பேச அழைத்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு விரல். பந்தலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் தேர்தல் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கொழுந்து பறிக்கிற அம்மா ஒருவர் இடக்கையை நீட்டினார். தேயிலைக் கறை ஏறி விரல்களெல்லாம் கறுத்திருந்தன. மை வைக்கிற தம்பி திகைத்து, "எங்கக்கா வைக்கிறது, இடமே இல்லையே" என்றார். "நகத்துல வை சாமி, அங்கதான் கொஞ்சம் வெள்ளை பாக்கி இருக்கு" என்றார் அந்த அம்மா.

அப்படிப்பட்ட விரல்கள் 2011, 2016, 2021 ஆகிய மூன்று தேர்தல்களில் செய்ததைப் பாருங்கள். 2011இல் அ.தி.மு.க. அலை. தி.மு.க.வுக்கு மாநிலம் முழுக்கக் கிடைத்ததே 23 இடம். அதில் கூடலூரும் ஒன்று, மு. திராவிடமணி 27 ஆயிரத்துக்கும் மேலான வாக்குகளில் ஜெயித்தார். 2016இலும் ஆட்சி அ.தி.மு.க.வுக்கு, கூடலூர் அவருக்கு. சரி, இது தி.மு.க. கோட்டை என்று முடிவு கட்டினால், 2021இல் தி.மு.க. ஆட்சிக்கு வந்தபோது இங்கே வென்றவர் அ.தி.மு.க.வின் பொன். ஜெயசீலன். வித்தியாசம் 1,945 வாக்குகள். இரண்டு வாக்குச்சாவடிகளில் இருக்கிற ஆட்கள்தான்! ஆக மூன்று முறையும் எங்கள் எம்.எல்.ஏ. எதிர்வரிசையில்.

முன்பு இப்படி இல்லை. 1996, 2001, 2006 மூன்றிலும் கூடலூர் ஆளுங்கட்சியோடுதான் போனது. இடையில் வந்தது 2008 தொகுதி மறுசீரமைப்பு. அதுவரை குன்னூர் தனித்தொகுதி, கூடலூர் பொது. 2011 தேர்தலில் இரண்டும் இடம் மாறின. 2006இல் கூடலூரில் ஜெயித்த தி.மு.க.வின் கா. ராமச்சந்திரன் குன்னூருக்குப் போய் அங்கே ஜெயித்தார். 2016இல் குன்னூர் கை மாறினாலும் 2021இல் மறுபடி வென்று வனத்துறை அமைச்சரானார். யானையும் காடுமே பெரும்பாடாக இருக்கிற எங்கள் ஊரின் பழைய எம்.எல்.ஏ. 2022 வரை வனத்துறைக்கு அமைச்சராக இருந்தார், ஆனால் பக்கத்துத் தொகுதிக்காரராக. அப்போது இதைச் சொல்லி டீக்கடையில் சிரிக்காதவர் இல்லை.

ஏன் இப்படி மாறி மாறிப் போடுகிறார்கள் என்று கேட்டால், எனக்குத் தெரிந்த பதில் நிலம். இந்த மண் 1877 வரை மலபாரின் வயநாட்டோடு இருந்தது. பெரும்பகுதி நிலம்பூர் கோவிலகம் என்ற ஜமீன் குடும்பத்தின் ஜென்ம நிலம், அதாவது பரம்பரைச் சொத்து. 1969இல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் போட்டார்கள். நடைமுறைக்கு வந்தது 1974இல். தோட்டங்களுக்குக் குத்தகைக்கு விட்ட நிலமெல்லாம் அதன் 17ஆவது பிரிவில் சிக்கிக்கொண்டது. அதில் வீடு கட்டிக் குடியிருப்பவருக்குப் பட்டா இல்லை. பட்டா இல்லாததால் கரண்டு கிடைப்பதும் பாடு. எங்கள் பக்கம் 'செக்ஷன் பதினேழு' என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒவ்வொரு தேர்தலிலும் ஜீப்பில் வருகிற எல்லாக் கட்சியும் முதலில் சொல்வது "பட்டா வாங்கித் தருகிறோம்". அடுத்த தேர்தலிலும் அதே வாக்கியம்தான், ஜீப்பில் கொடி மட்டும் மாறியிருக்கும்.

கேட்கிறவர்களும் ஒரே கூட்டம் அல்ல. பணியரும் காட்டுநாயக்கரும் குறும்பரும் இந்த மண்ணுக்கே உரியவர்கள். வயநாடன் செட்டிமார், மலையாளம் பேசுகிற குடும்பங்கள், பிறகு எங்கள் ஊரில் 'சிலோன்காரங்க' என்று சொல்கிற தாயகம் திரும்பியோர். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் வந்தவர்கள் இவர்கள். இவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது, இன்றைய டேன்டீ. ரிட்டையர் ஆனால் தோட்டம் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டுமே என்பதுதான் அவர்கள் கவலை. தங்களுக்கென்று சொந்தமாக ஒரு துண்டு மண் வேண்டும் என்கிறார்கள்.

அன்றைக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்த அந்த அம்மாவிடம், தேர்தல் வேலையில் கேட்கக் கூடாததுதான், "என்னம்மா, திருப்தியா?" என்றேன். மை காயட்டும் என்று விரலை ஊதிக்கொண்டே, "மீட்டர் எப்ப சார் வரும்?" என்றார்.

வணக்கம்.