27 அவுட்டும் 37 ஹோம் ரன்னும்

நண்பர்களே, வணக்கம்.

பந்தைக் கூட்டத்துக்குள் பறக்கவிட்டு 'ஹோம் ரன்' அடிக்கிறவர் பெரியவரா, அவுட்டாகாமல் எப்படியாவது பேஸுக்கு (ஓடி எட்ட வேண்டிய இடம்) போய்ச் சேருகிறவர் பெரியவரா? பேஸ்பால் பார்க்கிறவர்களிடையே ஓயாத சண்டை இது. நான் இரண்டாமவர் பக்கம்.

ஒன்பது இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 அவுட். ஆக 27. அணியின் கையிருப்பே அவ்வளவுதான். கிரிக்கெட்டில் அவுட்டானவர் அந்த இன்னிங்ஸில் திரும்ப வரமாட்டார், இழப்பு உடனே உறைக்கும். பேஸ்பாலில் அவரே கொஞ்ச நேரத்தில் மறுபடி மட்டையோடு வந்து நிற்பார். அதனால்தான் அவுட் மலிவாகத் தெரிகிறது.

1982இல் நியூயார்க் மெட்ஸ் அணியின் டேவ் கிங்மேன் 37 ஹோம் ரன் அடித்தார். அமெரிக்காவின் இரண்டு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் அந்த ஆண்டு முதலிடம். ஆனால் சராசரி, அதாவது பந்தை அடித்துப் பேஸை எட்டிய விகிதம், .204தான் (ஆயிரத்துக்கு 204). அதே ஆண்டு சிறந்த பந்துவீச்சுக்கான சை யங் விருது வாங்கிய ஸ்டீவ் கார்ல்டன், பந்து வீசுகிறவர், .218 அடித்திருந்தார்! அடிக்காமல் எட்டியதையும் சேர்த்தால் கிங்மேன் பேஸை எட்டிய விகிதம் .285.

இன்னொருவர், 1956இல் வாஷிங்டன் செனட்டர்ஸ் அணியின் எடி யோஸ்ட். சராசரி .231, ஹோம் ரன் 11. பெரிதாக ஒன்றுமில்லை, இல்லையா? ஆனால் அடிப்பதற்கான எல்லைக்குள் வராமல் விலகி வரும் பந்தைத் தொடவே மாட்டார். அப்படி நாலு பந்து வந்தால் முதல் பேஸ் இலவசம். அந்த 'வாக்' அவருக்கு 151 முறை கிடைத்தது. பேஸை எட்டிய விகிதம் .412.

சரி, கணக்குப் போடுவோம். இருவரும் 600 முறை மட்டை பிடித்தால் யோஸ்ட் 76 முறை கூடுதலாகப் பேஸில் இருப்பார். அதாவது 76 அவுட் மிச்சம், அது கிட்டத்தட்ட மூன்று ஆட்டங்களின் மொத்தக் கையிருப்பு. ஹோம் ரன்னைக் குறைத்துச் சொல்லவில்லை. தோராயமாக ஒரு ஹோம் ரன் 1.4 ரன்னுக்குச் சமம், ஒரு வாக் 0.3தான். இருந்தாலும் ஒவ்வொரு அவுட்டும் கால் ரன்னைத் தின்றுவிடுகிறதே.

அப்புறம், ஹோம் ரன் அடிக்கும் பலம் இருந்தால் பந்து வீசும் பிட்சர் பயந்து வாக் கொடுப்பார் என்பார்கள். உண்மைதான். 2004இல் பலசாலி மட்டைக்காரர் பேரி பாண்ட்ஸுக்கு 232 வாக், அதில் 120 வேண்டுமென்றே கொடுத்தவை. பேஸை எட்டிய விகிதம் .609. ஆனால் பாண்ட்ஸ் கெட்ட பந்தைத் துரத்தமாட்டார், அதனால்தான் அந்தப் பயம் அவருக்குப் பயன்பட்டது. கிங்மேனிடமும் பலம் இருந்தது. 1982இல் அவருக்குக் கிடைத்தது 59 வாக், பந்தை அடிக்காமலே அவுட்டாகும் 'ஸ்ட்ரைக் அவுட்' 156.