வான் பார்க்க வருகிறவர்கள்

(கிளிநொச்சியில், சனசமூக நிலையம் ஒன்றில் இளைஞர்களிடம் பேசியது. கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

தம்பிமார், தங்கச்சிமார், பின்னால் வேம்புக்குக் கீழே நிற்கிற பெரியவர்கள், எல்லோருக்கும் வணக்கம்.

இரணைமடுக் குளம் நிரம்பி வான் பாய்கிறது என்றால் யாழ்ப்பாணத்தில் இருந்துகூட வாகனம் பிடித்து வருவார்கள். படம் எடுப்பார்கள், கச்சான் வாங்குவார்கள், போய்விடுவார்கள். கோடையில் செய்கிற சிறுபோக நெல்லுக்குத் தண்ணீர் வருவது துருசால், குளத்து மதகால். அதைப் பார்க்க ஒருவரும் வருவதில்லை. எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்தத் திகதி திறப்பது என்று கமக்காரர் கூட்டத்தில் கத்தி, வாதாடி, கடைசியில் குறிப்பேட்டில் எழுதித்தான் அந்தத் தண்ணீர் வயலுக்கு வருகிறது.

பொலிஸ் அடிக்கு எதிராக நீங்கள் ஏ9 வீதியில் பதாகையோடு நின்றதைப் பார்த்தேன். நல்லது. அதுக்கு அடுத்த வேலையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்தேன்.

நைஜீரியாவில் 1992இல் கொள்ளையரைப் பிடிக்க ஒரு விசேட பொலிஸ் பிரிவு தொடங்கினார்கள். சுருக்கமாக சார்ஸ், வருத்தத்தின் பெயரில்லை, ஆனால் அந்த நாட்டுப் பொடியளுக்கு அதுவும் வருத்தமாகத்தான் இருந்தது. மடிக்கணினி வைத்திருந்தால் மோசடிக்காரன், நல்ல கார் ஓடினால் கள்ளன். பிடிப்பது, அடிப்பது, காசு பறிப்பது. 2020 ஒக்டோபரில் இளைஞர்கள் தெருவுக்கு இறங்கினார்கள். 11ஆம் திகதி பிரிவைக் கலைத்துவிட்டோம் என்று பொலிஸ்மா அதிபர் அறிவித்தார். 13ஆம் திகதி அதே வேலைக்கு 'ஸ்வாட்' என்று புதுப் பிரிவு! இரண்டே நாள். 20ஆம் திகதி இரவு லாகோஸ் நகரத்து லெக்கி சுங்கச்சாவடியில், கொடியைப் பிடித்தபடி பாடிக்கொண்டிருந்தவர்கள் மேல் இராணுவம் சுட்டது.

'கலை' என்று கேட்டால் கலைத்துவிட்டுப் பெயர்ப்பலகையை மாற்றிவிடலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் முன்வைத்த ஐந்து கோரிக்கைகளை வாசித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. அதில் ஒன்று, பொலிஸ்காரருக்குச் சம்பளத்தைக் கூட்டு என்பது. அடித்தவனுக்குச் சம்பள உயர்வு கேட்கிற மனம் லேசில் வராது. பசித்த பொலிஸ்காரன் தெருவில் கை நீட்டுவான் என்று கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சுட்டதைப் பற்றிப் பேசுகிற உலகம் இந்தக் கோரிக்கையைப் பற்றிப் பேசுவது குறைவு.

ஒக்டோபர் 20 எங்களுக்கும் தெரிந்த நாள். 2016இல் அதே திகதி இரவு யாழ்ப்பாணம் குளப்பிட்டியில் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் பொலிஸ் சூட்டில் இறந்தார்கள். ஒருவர் எங்கள் கிளிநொச்சிப் பிள்ளை. முதலில் வந்த கதை மோட்டார் சைக்கிள் விபத்து. பிரேத பரிசோதனை செய்த பிறகுதான் சூட்டுக் காயம் வெளியில் வந்தது. வைத்தியர் எழுதிய அந்தத் தாள் இல்லாவிட்டால், நாங்கள் எத்தனை ஹர்த்தால் செய்தாலும் அது விபத்தாகவே இருந்திருக்கும்.

என் வெட்கக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் மகனை ஒரு பொலிஸ் நிலையத்தில், எது என்று சொல்லமாட்டேன், காது கேளாமல் போகிற அளவுக்கு அறைந்தார்கள். முறைப்பாட்டுக்கு நானும் கூடப் போனேன். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினார்கள். "கையெழுத்து வையுங்கோ ஐயா, நேரம் போகுது" என்றார் எழுதியவர். கெட்ட மனிதர் இல்லை, தேத்தண்ணிகூடத் தந்தார். வைத்துவிட்டேன். பிறகு தெரிந்தவர் ஒருவர் வாசித்துச் சொன்னார்: பொடியன் வழுக்கி விழுந்தானாம். 31 வருடம் தமிழ் படிப்பித்த வாத்தியார், வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வைத்திருக்கிறேன்.

வடக்கு கிழக்கில் தமிழும் நிர்வாக மொழி என்று அரசியலமைப்பே சொல்கிறது. தமிழில் எழுது, வாசித்துக் காட்டு, பிறகு கையெழுத்து வைக்கிறேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருந்தது. வாய்தான் வரவில்லை.

இப்போது தெற்குக் கதை ஒன்று. பொலிசாரால் சித்திரவதை செய்யப்பட்ட ஒரு முன்னாள் சிப்பாயின் மனு 2011இல் உயர் நீதிமன்றத்தில் பதிவானது. 2023 டிசம்பரில்தான் தீர்ப்பு. பொறுப்பாளிகளில் ஒருவராக நீதிமன்றம் சொன்ன தேசபந்து தென்னகோன், அடுத்த வருடம் பொலிஸ்மா அதிபராகவே நியமிக்கப்பட்டார்! சரி, கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அந்தத் தீர்ப்பையும் கையில் வைத்துக்கொண்டு பலர் நீதிமன்றம் போனார்கள். 2024 ஜூலையில் அவர் கடமை செய்ய இடைக்காலத் தடை வந்தது. வேறு குற்றச்சாட்டுகளும் சேர, 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் 177 வாக்குகளால் அவரை நீக்கியது. 2011இல் அந்த மனுவுக்காக ஊர்வலம் போனவர் யார்?

பொலிசாரை அரசியல்வாதிகளின் கைக்கு வெளியே வைத்துக் கண்காணிக்க என்று வந்த தேசிய பொலிஸ் ஆணைக்குழுவின் கதை இதைவிடச் சலிப்பானது. 2001இல் அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் அதைக் கொண்டுவந்தது. 2010இல் உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரம் ஜனாதிபதி கைக்குப் போனது, 2015இல் அரசியலமைப்புப் பேரவை ஊடாகத் திரும்பி வந்தது, 2020இல் மறுபடி போனது, காலிமுகத்திடல் போராட்டத்துக்குப் பிறகு 2022இல் மறுபடி வந்தது. துருசுத் திறப்பை ஆளுக்காள் பறித்துக்கொண்டு ஓடுகிற மாதிரி. பொலிஸ் கட்டளைச் சட்டமோ இன்னும் 1865ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதை மாற்றக் கொழும்பில் பெரிய படை வேண்டும். அதுவரைக்கும் நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கத் தேவையில்லை.

அடிபட்டவரை அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். விழுந்தேன் என்று சொல்ல விடாதீர்கள், பொலிஸ் அடித்தது என்று சொல்லச் சொல்லுங்கள், அப்போதுதான் சட்ட வைத்திய அதிகாரியிடம் போகும். உயர் நீதிமன்றத்தில் போடுகிற அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் தவணை. அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்தத் தவணைக்குள் எண்ணப்படாது. அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1996. இந்த ஒரு மாதக் கணக்குத் தெரியாமல் எத்தனை வழக்குகள் செத்துப் போயினவோ.

அப்புறம், அடுத்த முறை பொறுப்பதிகாரியைச் சந்திக்கும்போது 'நீதி வேண்டும்' என்று மட்டும் கேட்காதீர்கள். இரவிலும் தமிழில் எழுதத் தெரிந்த ஒருவர் மேசையில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருக்கிறார் என்றால் எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று மாதம் கழித்துப் போய் மறுபடி கேளுங்கள். தம்பி ஒருவர் சிரிக்கிறார். இது போராட்டமா என்று நினைக்கிறார் போல. சிறுபோகக் கூட்டத்துக்கு உங்கள் அப்பாவோடு ஒருமுறை போய்ப் பாருங்கள் தம்பி.

வரும் வழியில் 200 பக்கக் கொப்பி ஒன்று வாங்கி வந்தேன். திகதி, இடம், நடந்தது, எந்த வைத்தியர், எங்கே முறைப்பாடு என்று முதல் பக்கத்தில் கோடு போட்டிருக்கிறேன். முதல் வரியில் என் அக்காவின் மகனுடைய கதையை எழுதிவிட்டேன், இந்த முறை தமிழில். கொப்பி இந்த நூலக அலுமாரியில் இருக்கும். திறப்பு யாரிடம் இருப்பது என்று தேத்தண்ணி குடித்துவிட்டுப் பேசுவோம்.