தகடூர்க் கற்களோடு ஒரு நாள்

நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட தருமபுரி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஒகேனக்கல் நினைவுக்கு வருகிறது. பெங்களூருக்குக் காரில் செல்பவர்களுக்குத் தொப்பூர்க் கணவாய் நினைவுக்கு வருகிறது. முப்பது ஆண்டுகள் இம்மாவட்டத்தில் தமிழாசிரியராகப் பணியாற்றிய எனக்கு இது நெடுநாள் மனக்குறை. ஆகவே, சென்ற ஆவணியில் என் கல்லூரித் தோழர் கும்பகோணத்திலிருந்து வந்து, "ஒரு நாள்தான் இருப்பேன், அருவியைக் காட்டிவிடு" என்று கேட்டபோது, அருவியை மாலைக்கு ஒதுக்கிவிட்டு, அதுவரை நான் காட்டும் கற்களைப் பார்க்க வேண்டும் என்று அவரிடம் உறுதி வாங்கிக்கொண்டேன்.

விடிந்ததும் தருமபுரிக் கோட்டைக் கோயிலுக்குச் சென்றோம். நுளம்பர் என்னும் அரச மரபினர் காலத்துக் கலைக்குச் சான்றாக நிற்கும் மல்லிகார்ச்சுனர் கோயில் மண்டபத்தில், அடிப்பகுதி தரையில் படியாமல் தொங்கும் தூண் உள்ளது. பெரிய கோயில்களின் நிழலில் வளர்ந்த என் நண்பர் முதலில் அதை நம்பவில்லை. சட்டைப் பையிலிருந்த பேருந்துச் சீட்டை எடுத்து, குனிந்து, தூணின் கீழே ஒரு பக்கமாகச் செருகினார். அது மெல்ல நகர்ந்து மறுபக்கம் எட்டிப் பார்த்ததும், தரையிலேயே சற்று நேரம் அமர்ந்துவிட்டார். அருகிலுள்ள காமாட்சியம்மன் சன்னதியின் அடித்தளத்தைச் சுற்றி இராமாயணக் காட்சிகளைச் சிறுசிறு சிற்பங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். நின்றபடி பார்த்தால் அவை கண்ணில் படுவதில்லை. முழங்காலளவு குனிந்து, கோயிலை ஒரு முறை மெதுவாகச் சுற்றி வர வேண்டும்.

சிற்றுண்டிக்குப் பின் அதியமான்கோட்டைக்குச் சென்று காலபைரவரை வணங்கினோம். தேய்பிறை அட்டமி நாள்களில் பூசணி விளக்கேற்றக் கூடும் கூட்டம் அன்று இல்லை. சென்னராயப் பெருமாள் கோயிலின் விதானத்தில் உள்ள பழைய ஓவியங்களையும் கண்டோம். ஊரின் பெயரே நண்பரைத் தகடூரை ஆண்ட சங்ககால மன்னன் அதியமான் பக்கம் இழுத்தது. ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் 1981இல் திருக்கோவலூருக்கு அருகில் ஜம்பை என்னும் ஊரில் கண்டறியப்பட்ட, தமிழ்ப் பிராமி என்னும் பழைய எழுத்தில் அமைந்த கல்வெட்டு, "சதியபுதோ அதியன் நெடுமான் அஞ்சி" என்று அவன் பெயரையே கல்லில் தாங்கி நிற்பதையும், அசோகரின் கல்வெட்டுகள் குறிப்பிடும் சதியபுத்திரர் யார் என்ற நீண்ட கேள்விக்கு அதுவே விடையானதையும் நான் சொன்னபோது, அவர் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

பத்து மணிக்குமேல் தருமபுரி அரசு அருங்காட்சியகத்தில் இருந்தோம். வெள்ளிக்கிழமை அதற்கு விடுமுறை என்பதை நேயர்கள் நினைவில் கொள்ளவேண்டும். அரை மணி நேரம் போதும் என்று நுழைந்த நண்பர் இரண்டு மணி நேரம் வெளியே வரவில்லை. காரணம், நடுகற்கள். ஆநிரையைக் கவர வந்தவர்களோடு போரிட்டு மாண்ட வீரர்களுக்கு ஊரார் எடுத்த கற்கள் அவை. ஒரு கையில் வில், மறு கையில் வாள், உடலில் தைத்த அம்புகள், காலடியில் கெண்டி என்னும் மூக்குள்ள நீர்க்கலம். சில கற்களின் மேற்புறத்தில் வீரனை வானுலகுக்கு அழைத்துச் செல்லும் மகளிர். எழுத்து பெரும்பாலும் வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்து. மாட்டு மந்தையை அவை 'தொறு' என்கின்றன. வீரன் இறந்ததை 'பட்டான்' என்ற ஒரே சொல்லால் முடித்துவிடுகின்றன. "தொறு மீட்டுப் பட்டான் கல்" என்ற அமைப்பை நான் வாசித்துக் காட்டியபோது, அரசனுக்கு எழுந்த கோபுரங்களையே பார்த்து வளர்ந்த நண்பர், மாடு காக்கப் போனவனுக்கும் கல்வெட்டா என்று வியந்தார். ஆம், எங்கள் மண்ணின் பெருமை அதுதான் என்றேன். அதை இன்றும் சொல்கிறேன்.

பாப்பாரப்பட்டியில் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தில் வணங்கினோம். சிறைவாசம் தந்த தொழுநோயோடு ஊர் ஊராகச் சென்று உழைத்த அவர், 1925 சூலை 23இல் அங்கேதான் கண்மூடினார். பென்னாகரத்தில் மதிய உணவு. பரிமாறிய மூதாட்டியின் பற்களில் இருந்த பழுப்புக் கறையைக் கண்டு நண்பர் என்னிடம் மெல்ல விசாரித்தார். இதுவும் கல் செய்த வேலைதான். பாறையிலுள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து, அதைக் குடித்து வளர்ந்த தலைமுறைகளின் பற்களையும் எலும்புகளையும் கெடுத்தது. காவிரி பக்கத்திலேயே ஓடியும் எங்கள் கிராமங்கள் ஆழ்துளைக் கிணற்றையே நம்பியிருந்தன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல்தான் பயன்பாட்டுக்கு வந்தது.

ஒகேனக்கல்லில் அன்று நீர்வரத்து மிகுந்திருந்ததால் பரிசலுக்கும் குளியலுக்கும் தடை. நண்பர் வாடிவிடுவார் என்று அஞ்சினேன். அவரோ தொலைவில் நின்றபடி, செந்நிற வெள்ளம் பாறைகளில் மோதிப் புகைபோல் எழுவதை இமைக்காமல் பார்த்தார். 'ஹொகே' என்றால் கன்னடத்தில் புகை. புகையும் கல்லே ஒகேனக்கல். "இந்தத் தண்ணீர்தானே மேட்டூருக்குப் போய், எங்கள் வாய்க்காலுக்கு வருகிறது? எங்கள் ஊரில் சத்தமே இல்லாமல் வருமே!" என்றார். வறுத்த மீனின் மணத்தைக்கூட அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில், பென்னாகரம் தாண்டி ஒரு வேப்பமரத்தடியில் அகல் விளக்கொன்று தெரிந்தது. வண்டியை நிறுத்தச் சொன்னவர் நண்பர்தான். இடுப்பளவு உயரக் கல். முழுவதும் மஞ்சள், நடுவில் குங்குமம். விளக்கேற்றிய பெண், "எங்க வேடியப்பனுங்க. எங்க பாட்டன் காலத்துல இருந்து கும்புடறோம்" என்றார். நண்பர் கைப்பேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்தார். மஞ்சள் பூச்சின் அடியில் வில்லேந்திய கை தெரிந்தது. அந்த அம்மாள் குங்குமம் வைத்திருந்த இடம், வீரனின் மார்பில் அம்பு தைத்த இடம். நண்பர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திருநீற்றுக்குக் கை நீட்டினார்.