மூன்று சீட்டு ஆடினால் குற்றம், ரம்மி ஆடினால் குற்றமில்லை: சூதாட்டத்தை இந்தியச் சட்டம் பிரிக்கும் விதம்

[திரையில்: ஒரே அறையில் இரண்டு மேசைகள், இரண்டிலும் சீட்டுக்கட்டும் பணமும்]

வணக்கம். ஒரு மேசையில் ஐந்து பேர் பணம் வைத்து ரம்மி ஆடுகிறார்கள். பக்கத்து மேசையில் இன்னும் ஐந்து பேர் அதே தொகையை வைத்து மூன்று சீட்டு ஆடுகிறார்கள். அந்த நேரத்தில் காவல்துறை உள்ளே நுழைந்தால், அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் நாட்டின் பெரும்பாலான இடங்களில், மூன்று சீட்டு ஆடியவர்கள்தான் மாட்டுவார்கள். ரம்மி ஆடியவர்களுக்காக வாதாட உச்ச நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. சீட்டும் பணமும் ஒன்றாக இருக்கும்போது இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப் போகிறோம்.

பின்னணியை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். 1867-இல் ஆங்கிலேய அரசு பொதுச் சூதாட்டச் சட்டத்தைக் கொண்டுவந்தது. முழுக்கத் திறமையால் ஆடப்படும் விளையாட்டுகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதன் 12-ஆவது பிரிவு விலக்களித்தது. பின்னர் வந்த அரசியலமைப்பு, பந்தயத்தையும் சூதாட்டத்தையும் மாநிலப் பட்டியலில் வைத்தது. அரசுகள் நடத்தும் லாட்டரியை மட்டும் ஒன்றியப் பட்டியலில் சேர்த்தது.

[திரையில்: விசிறியாகப் பிடித்த 13 சீட்டுகள்]

இனி ரம்மிக்கு வருவோம். 1963-இல் செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் நுழைந்த காவல்துறை, பணம் வைத்து ரம்மி ஆடியவர்கள் மீது வழக்குத் தொடுத்தது. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1967-இல் தீர்ப்பானது. மூன்று சீட்டைப் போல முழுக்க அதிர்ஷ்டத்தை நம்பிய ஆட்டமன்று ரம்மி. விழும் சீட்டுகளை நினைவில் வைத்து, எதைக் கையில் வைத்துக்கொள்வது, எதைக் கீழே போடுவது என்று முடிவெடுக்கத் திறமை வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது.

ரம்மி ஆடியவர்களுக்கு இந்த வாதம் உடனே விளங்கும். உங்கள் கையில் ஆர்ட்டின் 7, 8 இருக்கின்றன. 6 அல்லது 9 வந்தால் வரிசை சேர்ந்துவிடும். ஆனால் இரண்டு சுற்றுக்கு முன்பு எதிரே இருப்பவர் ஆர்ட்டின் 9-ஐ எடுத்துக்கொண்டதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். இரண்டு கட்டு ஆட்டம் என்பதால் இன்னும் ஒரு 9 மட்டுமே மீதம். இதைக் கவனித்தவர் கையில் இருப்பதை மாற்றி அமைத்துக்கொள்வார். கவனிக்காதவர் காத்திருந்து தோற்பார். மூன்று சீட்டில் இப்படிச் சேர்த்து, கழித்து, மாற்றுவதற்கு இடமே இல்லை. வந்த மூன்றுதான். அதே தீர்ப்பில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: பந்தயப் பணத்திலிருந்து மன்றத்தை நடத்துபவர் லாபம் பார்த்தால் நிலைமை வேறு. இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

குதிரைப் பந்தயமும் இதே அளவுகோலில்தான் தப்பியது. அதை ஒழிக்கத் தமிழ்நாடு 1974-இல் சட்டம் இயற்றியது. குதிரையின் வளர்ப்பு, பயிற்சி, அதன் மேல் அமர்ந்து ஓட்டும் ஜாக்கியின் தேர்ச்சி ஆகியவை வெற்றியைத் தீர்மானிக்கின்றன என்பதால் அதுவும் திறமை விளையாட்டே என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது.

லாட்டரியில் துளியும் திறமை இல்லை என்பதை எல்லோரும் அறிவோம். ஆனாலும் அது சட்டபூர்வமானது, ஏனென்றால் அதை நடத்துவது அரசு. கேரளம் 1967-இல் தொடங்கியது. தமிழ்நாடு 1968-இல் ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற முழக்கத்துடன் தொடங்கி, 2003-இல் லாட்டரி விற்பனையையே தடை செய்தது. 1998-ஆம் ஆண்டின் லாட்டரி சட்டப்படி ஒற்றை இலக்கத்தை வைத்துப் பரிசு தரக் கூடாது. ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது. ஒரு மாநிலம் மற்ற மாநிலங்களின் சீட்டைத் தடுக்க வேண்டுமென்றால், முதலில் தன் லாட்டரியை நிறுத்தியிருக்க வேண்டும் என்பது 1999-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நான் மிகவும் மதிக்கும் தீர்ப்பு இது.

கேசினோவைப் பொறுத்தவரை கோவாவும் சிக்கிமும் தனிச் சட்டம் இயற்றி அனுமதித்திருக்கின்றன என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் அடுத்து வருவதைச் சொல்ல எனக்கு நேரம் வேண்டும்.

[திரையில்: மைதானத்தில் வைக்கோல் உருளை; எதிரே வில்லுடன் அமர்ந்திருக்கும் வீரர்கள்]

மேகாலயத் தலைநகர் ஷில்லாங்கில் ‘தீர்’ என்றொரு பந்தயம் நடக்கிறது. வில்வித்தை வீரர்கள் வரிசையாக அமர்ந்து, வைக்கோலால் செய்த ஓர் உருளையை நோக்கிச் சில நிமிடங்கள் சரமாரியாக அம்பு எய்கிறார்கள். பிறகு இலக்கில் தைத்த அம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணுகிறார்கள். மொத்தம் 637 என்று வந்தால், கடைசி இரண்டு இலக்கமான 37-தான் அந்தச் சுற்றின் வெற்றி எண். நகரமெங்கும் உள்ள சிறு கடைகளில் மக்கள் 00 முதல் 99 வரை ஏதேனும் ஓர் எண்ணில் பணம் கட்டியிருப்பார்கள். முந்தைய இரவு கண்ட கனவுக்குப் பொருள் பார்த்து எண்ணைத் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. மேகாலய அரசு 1980-களின் தொடக்கத்திலேயே இதைச் சட்டத்துக்குள் கொண்டுவந்து வரி வசூலிக்கத் தொடங்கிவிட்டது.

இங்கே திறமை யாருடையது என்று யோசித்துப் பாருங்கள். அம்பு எய்பவருக்குத் திறமை உண்டு. பணம் கட்டுபவருக்கோ கனவு மட்டுமே உண்டு. ஆகவே திறமையா, அதிர்ஷ்டமா என்ற ஒற்றைக் கேள்வியைக் கொண்டு சூதாட்டம் முழுவதையும் அளக்க முடியாது. யார் நடத்துகிறார்கள், எவ்வளவு வேகமாகப் பணம் போகிறது, எப்போது கடை மூடுகிறது என்ற கேள்விகளுக்கும் அதே எடை தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அந்த ஒற்றைக் கேள்வியின் போதாமை கைப்பேசியில்தான் முழுதாக வெளிப்பட்டது. எதிரே அமர்ந்தவர் எடுக்கும் சீட்டைக் கண்ணால் பார்த்து ஆடிய ரம்மிக்குச் சொன்ன தீர்ப்பை, முகம் தெரியாதவர்களுடன் நள்ளிரவிலும் ஆடக்கூடிய, ஒவ்வோர் ஆட்டத்திலும் நிறுவனம் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும் செயலிகள் தங்களுக்குக் கேடயமாகப் பிடித்துக்கொண்டன. 1967-இன் எச்சரிக்கை வரியை நினைவில் வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

தமிழ்நாடு 2021-இல் கொண்டுவந்த தடையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. மீண்டும் இயற்றிய சட்டம் 2023-இல் நடைமுறைக்கு வந்தபோது, சட்டம் செல்லும், ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டு என்று பட்டியலிட்டது செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதன்பின் மாநில அரசு நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் வைத்து ஆடத் தடை விதித்தது. 2025 ஜூனில் அந்தக் கட்டுப்பாட்டை உயர் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. திறமை இருக்கலாம், கடையை மூடும் நேரமும் இருக்க வேண்டும் என்ற நியாயம் அதில் இருக்கிறது.

அடுத்து நாடாளுமன்றம் பழைய கேள்வியையே கைவிட்டது. 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற இணைய விளையாட்டுச் சட்டம், திறமையோ அதிர்ஷ்டமோ, பரிசுப் பணத்தை எதிர்பார்த்துப் பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும், விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். இதை எதிர்த்து நிறுவனங்கள் நீதிமன்றத்தை அணுகின.

ஒன்றைத் தவறாமல் கவனியுங்கள். அந்தச் சட்டத்தில் ஆடியவருக்குத் தண்டனை இல்லை. உங்கள் வீட்டில் யாரேனும் இப்படிப் பணத்தை இழந்துவிட்டு, வெளியே சொன்னால் வழக்கு வரும் என்று அஞ்சிக்கொண்டிருந்தால், இந்த வீடியோவின் இந்தப் பகுதியை மட்டுமாவது அவருக்கு அனுப்பிவிடுங்கள்.