ரோபோ தள்ளுகிறதா, பிள்ளை தள்ளுகிறதா?

நேயர்களுக்கு வணக்கம். விபத்தில் தலையில் அடிபட்ட பிள்ளைகளுக்கும், சின்ன வயதிலேயே மூளை பாதித்து உடல் அசைவு கட்டுப்படாமல் போகிற மூளைவாதம் உள்ள பிள்ளைகளுக்கும் கைப் பயிற்சி கொடுப்பது என் வேலை. “ரோபோ பயிற்சி கொடுத்தால் கை சரியாகிவிடுமா?” என்று பெற்றோர் அடிக்கடி கேட்கிறார்கள். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

ரோபோ என்றதும் சினிமாவில் வருவதுபோல் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். ஒரு மேசை, மோட்டார் பொருத்திய உலோகக் கை, எதிரே ஒரு திரை, அவ்வளவுதான். பிள்ளையின் முன்கையை ஒரு தாங்கியில் வைத்துப் பட்டை போட்டுக் கட்டுவோம். திரையில் நடுவில் ஒரு புள்ளி, சுற்றிலும் சில புள்ளிகள். எந்தப் புள்ளி ஒளிர்கிறதோ அங்கே கையைக் கொண்டுபோக வேண்டும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நெவில் ஹோகனும் ஹெர்மானோ கிரெப்ஸும் பக்கவாதம் வந்த பெரியவர்களுக்காகச் செய்த கருவியிலிருந்து வளர்ந்து வந்த முறை இது.

இதன் பெரிய பலம் எண்ணிக்கை. பக்கவாத நோயாளிகளின் வழக்கமான சிகிச்சையை ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு அமர்வில் கையால் செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32தான். ரோபோவில் சில நூறு அசைவுகள் சாதாரணம். 2008இல் வெளியான, குழந்தைகளைப் பற்றிய ஓர் ஆய்வில் ஒரு அமர்வுக்கு 640 அசைவுகள். மனிதக் கை தாங்கிப் பிடித்து அத்தனை முறை செய்வது நடக்கிற காரியமா?

ஆனால் எண்ணிக்கையில் ஏமாந்துவிடக் கூடாது. பிள்ளை ஜன்னலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும். ரோபோ தள்ளத் தள்ள, கை மட்டும் புள்ளிக்குப் புள்ளி அழகாகப் போய் வரும். பார்ப்பதற்கு ஜோராக இருக்கும், மூளைக்கு அதில் வேலையே இல்லை. தானே உதவி கிடைக்கும்போது உடம்பு தன் உழைப்பைக் குறைத்துக்கொள்ளும், பெரியவர்களுக்கும் அப்படித்தான். அதனால் நல்ல கருவி முதலில் காத்திருக்கும். பிள்ளை முயன்று, பாதியில் நின்றால் மட்டும் கொஞ்சம் தள்ளிவிடும். முன்னேற முன்னேறத் தள்ளுவதும் குறையும். இன்னொரு தந்திரத்தையும் கவனிக்க வேண்டும்: முழங்கையை நீட்டாமல் உடம்பையே முன்னால் சாய்த்துப் புள்ளியைத் தொட்டுவிடுவார்கள் நம் கெட்டிக்காரர்கள்! மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டை போடுவது அதற்குத்தான்.

சரி, பலன்? பிரிட்டனில் பக்கவாதம் வந்த 770 பெரியவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. வழக்கமான சிகிச்சையைவிட ரோபோ பயிற்சியால் கையின் அன்றாடப் பயன்பாடு கூடுதலாக மேம்படவில்லை. குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. அசைவு சீராவதைக் காட்டியிருக்கின்றன. என்னைக் கேட்டால், ரோபோவைத் தனிச் சிகிச்சையாக நினைக்க வேண்டாம். மேசையில் கை நீட்டக் கற்ற அதே நாளில் சட்டைப் பொத்தான் போடுவது, பாட்டிலை ஒரு கையால் பிடித்து மறு கையால் திறப்பது என்று இறங்கிவிட வேண்டும். நல்ல கையைக் கொஞ்ச நேரம் கட்டிவைத்து, பலவீனமான கைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியையும் விட்டுவிடாதீர்கள். அதற்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது.

பிள்ளையை அழைத்துப் போகிறவர்கள் அடுத்த முறை திரையில் வரும் மதிப்பெண்ணோடு திருப்திப்படாதீர்கள். கருவி எவ்வளவு தள்ளியது, பிள்ளை எவ்வளவு தள்ளியது என்ற கணக்கைப் பல கருவிகள் பதிவு செய்கின்றன. சிகிச்சையாளரிடம் அதைக் கேட்டு, போன மாதக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நன்றி, வணக்கம்.