ஓரம் சுருண்ட இலை

வணக்கம். இலையின் ஓரம் பாய் சுருட்டியதுபோல் சுருண்டிருந்தால் நோய் என்று கிள்ளி எறிந்துவிடுகிறோம். ஒருமுறை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். உள்ளே மெலிந்த பச்சைப் புழு ஒன்று இருக்கும். தொட்டதும் பின்பக்கமாகத் துள்ளி, தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலிலேயே தொங்கி இறங்கிவிடும்.

இது டார்ட்ரிசிடே என்னும் அந்துப்பூச்சிக் குடும்பம். முறுக்குவதைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர். உலகில் 10,000க்கும் மேற்பட்ட இனங்கள். நெல்லின் இலைச்சுருட்டுப் புழுவும் இலையை மடிக்கும்தான், ஆனால் அது வேறு குடும்பம்.

நம் விரலாலேயே கிழியாமல் மடிக்கச் சிரமப்படும் இலையை இத்தனை சிறிய புழு எப்படிச் சுருட்டுகிறது? இலையின் இரண்டு இடங்களுக்கு நடுவே குறுக்காக நூல் கட்டுகிறது. இழுத்துக் கட்டிய நூல் சுருங்கும்போது ஓரம் ஒரு மயிரிழை உள்ளே வளைகிறது. அப்புறம் இன்னும் கிட்டத்தில் அடுத்த நூல், அதற்கடுத்த நூல். ஒரு நூலால் ஆகாததை நூறு நூல்கள் சேர்ந்து செய்துவிடுகின்றன. வீட்டை அசுத்தமாகவும் வைத்துக்கொள்ளாது. பின்முனையில் சீப்புபோன்ற ஓர் உறுப்பு உண்டு. எச்சத்தை அதனால் வெளியே சுண்டி எறிந்துவிடும். எனக்கு இன்றும் வியப்பு தீராத இடம் இதுதான்.

ஊருக்கு ஊர் இனம் மாறும். ஐரோப்பாவில் ஓக் மரத்துக்கு ஒன்று, கனடாவில் ஊசியிலைக் காட்டையே பழுப்பு நிறமாக்கும் ஒன்று. ஆஸ்திரேலியாவின் ஆப்பிள் அந்து கலிபோர்னியாவில் 2007இல் உறுதியானபோது, ஆண் அந்துகளைக் குழப்ப, பெண் அந்தின் வாசனை போன்ற இனக்கவர்ச்சிப் பொருளை விமானத்திலிருந்து தெளிக்கும் அளவுக்குப் போனார்கள். மக்கள் எதிர்த்ததால் மறு ஆண்டே அதைக் கைவிட்டார்கள்.

இலங்கைத் தேயிலையின் கதைதான் எனக்கு முக்கியம். அங்கே சுருட்டுப்புழுவை அடக்க 1935-36இல் ஜாவாவிலிருந்து மேக்ரோசென்ட்ரஸ் என்ற சிறு குளவியைக் கொண்டுவந்தார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடும்; பொரிக்கும் குஞ்சுகள் புழுவையே தின்றுவிடும். புழு அடங்கியது. சரி, அதோடு விட்டிருக்கலாம். 1950களில், தேயிலைத் தண்டைத் துளைக்கும் வண்டை ஒழிக்க டீல்ட்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடித்தார்கள். குளவிகள் மடிந்தன. சுருண்ட இலைகள் மறுபடி செடியெங்கும் தென்பட ஆரம்பித்தன.