வளைந்த மூலையில் விளிம்புப் பட்டை

நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம். நான் வடசென்னை கொருக்குப்பேட்டைக்காரன். இருபத்தைந்து வருடமாகத் தச்சு வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. வீட்டிலேயே பிளைவுட் வாங்கி அலமாரி செய்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். பலகையை அளந்து வெட்டி, ஸ்குரூ போட்டு நிறுத்திவிடுகிறார்கள். மூலையை வளைத்து வெட்டிவிட்டு, அந்த வளைவில் விளிம்புப் பட்டை ஒட்டும்போதுதான் தடுமாறுகிறார்கள். கடையில் எட்ஜ் பேண்ட் என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தப் பி.வி.சி. பிளாஸ்டிக் பட்டையைத்தான் சொல்கிறேன்.

மூலையை எதற்கு வளைக்க வேண்டும் என்று எங்கள் பக்கத்து வீடுகளைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். பழைய வண்ணாரப்பேட்டையிலும் காசிமேட்டிலும் பத்தடி அகல வீட்டுக்குள் கட்டில், பீரோ எல்லாம் போட்ட பிறகு நடப்பதற்கு இரண்டடி மிஞ்சும். தண்ணீர்க் குடமும் அந்த இரண்டடியில்தான் போக வேண்டும், பிள்ளைகளும் அதில்தான் ஓட வேண்டும். அலமாரியின் கூர்மூலை சரியாக மூன்று வயதுப் பிள்ளையின் நெற்றிக்கு நேராக நிற்கும். அதனால் வளைத்து வெட்டுவதுதான் சரி. நானே எல்லோரிடமும் அப்படித்தான் சொல்கிறேன்.

ஆனால் பட்டை ஒட்டுவது அழகுக்காக மட்டும் இல்லை. பிளைவுட் என்பது மெல்லிய மரத் தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக, நார் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி ஒட்டியது. மேல்முகத்தில் தண்ணீர் பட்டால் துடைத்துவிடலாம். விளிம்பில் நாரின் வாய் திறந்தே இருக்கிறது, ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். வளைவில் இழைக்கும்போது எல்லாத் தகட்டின் வாயும் சாய்வாக அறுபட்டு இன்னும் அகலமாகத் திறக்கும். நமக்கோ பக்கத்திலேயே கடல், வருடம் முழுக்க உப்புக் காற்று. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வீட்டுக்குள் தண்ணீர் நின்ற தெருக்களில், அதன் பிறகு எத்தனையோ அலமாரிகளைப் பார்த்தேன். விளிம்பு திறந்திருந்த பலகைகள்தான் முதலில் ஊதியிருந்தன.

என் அம்மா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். காசிமேட்டில் அவருக்காக ஓர் அலமாரி செய்தேன். ஐப்பசி, அடைமழை. தீபாவளிக்குள் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு அவசரம். விளிம்பிலும் பட்டையிலும் ரப்பர் பசை தடவிக் காயவைத்தேன். சற்று நேரத்தில் பசையின் மேல் பாலாடை போல வெள்ளையாக ஒரு மங்கல் வந்தது. காய்ந்துவிட்டது என்று நினைத்து ஒட்டிவிட்டேன். அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் நான்கு வளைவிலும் பட்டை வாய் பிளந்துவிட்டது. நேர் விளிம்பில் ஒன்றும் ஆகவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. பசையில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பசையின் மேற்பரப்பு குளிர்ந்துபோகும். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அந்தக் குளிர்ச்சியில் பனித்துளி போலத் தண்ணீர் படியும். வெள்ளையாகத் தெரிந்தது அதுதான். தண்ணீருக்கு மேல் தண்ணீரை வைத்து அழுத்தினால் எங்கே பிடிக்கும்? நேர் விளிம்பில் பட்டை சும்மா கிடக்கிறது, அதனால் அரைகுறைப் பிடியே போதும். வளைவில் அது நிமிரவே பார்த்துக்கொண்டிருக்கும். பிடி கொஞ்சம் தளர்ந்தாலும் எழுந்துவிடும்.

சரி, வேலைக்கு வருவோம். எவ்வளவு வளைக்கலாம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். வளைவு சின்னதாக ஆக ஆகப் பட்டை முரண்டு பிடிக்கும். பெருவிரல் பருமனுக்கு வளைத்துவிட்டு இரண்டு மில்லிமீட்டர் பட்டையை ஒட்டப் பார்த்தால் கஷ்டம்தான். பத்து சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள டிபன் பாக்ஸ் மூடியைப் பலகையின் மூலையில், இரண்டு பக்கத்தையும் தொடும்படி வைத்துப் பென்சிலால் கோடு போடுங்கள். ஐம்பது மில்லிமீட்டர் ஆரம் கிடைக்கும். கால் வட்டத்துக்குப் பட்டை எவ்வளவு வேண்டும் என்றால், ஆரத்தை 1.57-ஆல் பெருக்கினால் போதும். ஐம்பதுக்கு எழுபத்தெட்டரை மில்லிமீட்டர். 18 மில்லிமீட்டர் பலகைக்கு 22 மில்லிமீட்டர் அகலப் பட்டை வாங்குங்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீண்டிருந்தால்தான் பிறகு சீவ முடியும்.

ஜிக்சா என்கிற மின் ரம்பத்தில் வெட்டிய வளைவு ஒருபோதும் ஒழுங்காக இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு அதன்மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத மேடும் பள்ளமும் விரலுக்குத் தெரியும். முதலில் 80 நம்பர் உப்புத்தாள், அப்புறம் 120. கையில் வைத்துத் தேய்த்தால் அலை அலையாகப் போகும், அதனால் ஒரு மரத்துண்டில் சுற்றித் தேய்க்க வேண்டும். தகடுகளுக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் மரத்தூளைப் பசையில் குழைத்து அடைத்து, காய்ந்ததும் மறுபடி தேய்க்க வேண்டும். இந்த வேலைக்கு நான் ஒட்டுவதைவிட மூன்று மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

பலகையின் விளிம்பில் பசை இரண்டு முறை பூச வேண்டும். முதல் பூச்சை மரமே குடித்துவிடும். அது காய்ந்த பிறகு இரண்டாவது பூச்சு, பட்டைக்கு ஒரே பூச்சு. பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து விரலின் பின்புறத்தால் தொட்டுப் பாருங்கள். ஒட்டுவதுபோல் இழுக்க வேண்டும், ஆனால் விரலில் பசை வரக் கூடாது. மழை நாளில் இந்த வேலையையே எடுக்காதீர்கள். ஒன்று முக்கியம், தாய்மார்களும் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பசையின் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். சின்ன வீட்டில் அடுப்பும் சாமி விளக்கும் இரண்டு எட்டில் இருக்கின்றன. இரண்டையும் அணைத்துவிட்டு, கதவு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டுதான் டப்பாவைத் திறக்க வேண்டும்.

ஒட்டுவதை நேர் விளிம்பிலேயே தொடங்குங்கள். பட்டையின் இரண்டு முனையும் சேரும் இடம் வளைவில் வரவே கூடாது, பின்பக்கமோ அடிப்பக்கமோ இருக்கட்டும். வளைவுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரப் பசையும் பசை டப்பாவும் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வளைவில் உட்கார வேண்டிய பகுதியின் வெளிப்புறத்தில் ஹீட் கன்னை, அதாவது சூடான காற்றை ஊதும் கருவியைக் காட்டுங்கள். பி.வி.சி. ஏறத்தாழ 80 டிகிரியில் இளகும். கன்னை ஒரே இடத்தில் நிறுத்தினால் பட்டை பளபளத்துக் கருகிவிடும், ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டை வெற்றிலைபோல் துவளும் நேரத்தில் இழுக்காமல் வளைவின்மேல் படியவிட்டு, துணி சுற்றிய கட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்துங்கள். இழுத்து ஒட்டிய பட்டை ஆறும்போது சுருங்கி, சேரும் இடத்தில் இடைவெளி விடும். முழுதாக ஆறும்வரை, இரண்டு மூன்று நிமிடம், கையை எடுக்கவே கூடாது.

பட்டைக்குப் பதில் தேக்குதான் வேண்டும் என்பவர்களும் உண்டு. ஒன்றரை மில்லிமீட்டர் கனத்துக்குச் சீவிய தேக்கு ரீப்பரை, அதாவது மெல்லிய மரப் பட்டையை, வெந்நீரில் ஊறப்போட்டு, பழைய சைக்கிள் டியூபால் அந்த வளைவிலேயே இறுக்கிக் கட்டி, நன்றாகக் காயும்வரை விட்டுவிடுங்கள். காய்ந்ததும் அதே வளைவில் நிற்கும், அப்புறம் ஒட்டலாம். சாதாரண மைக்காவை மட்டும் இந்த அளவு வளைவில் வலிய மடக்காதீர்கள், விரிசல் விடும்.

வெளியே நீண்டிருப்பதை வளைவில் கத்தியால் சீவ வேண்டாம், அரம் போதும். அரத்தைப் பட்டையின் பக்கமிருந்து பலகையை நோக்கித் தள்ளுங்கள். எதிர்ப்பக்கமாக இழுத்தால் ஒட்டியதை நீங்களே பெயர்த்துவிடுவீர்கள்.

அம்மாவின் அலமாரியை, தை பிறந்து நல்ல வெயில் வந்த பிறகு மறுபடி செய்தேன். பழைய பசையை முழுக்கச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் ஆயிற்று. இப்போது ஆறு வருடம் ஆகிறது. அம்மா தினமும் காலையில் அதை ஈரத் துணியால் துடைக்கிறார். துணியை நன்றாகப் பிழிந்துவிட்டுத் துடைம்மா என்று மட்டும் சொல்லியிருக்கிறேன். நன்றி, வணக்கம்.